பச்சைப் பெட்டியில் விழுந்த குதிரை

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நான் அந்த உறையைப் பச்சைப் பெட்டிக்குள் போட்டேன். நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். உறை விரல்களை விட்டு நழுவியதும் எதிரே இருந்த தையல்கடையின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. தப்புச் செய்கிறவர்கள் முதலில் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

போட வேண்டியது சிவப்புப் பெட்டியில்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருடம் கூட நிறையவில்லை. எங்கள் மயிலாடி மட்டும் இன்னும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யத்தில்தான் இருந்தது. மகாராஜாவுக்கென்று தனியாக ஒரு தபால் இலாகா உண்டு. அதற்கு அஞ்சல் என்று பெயர். சங்கு முத்திரை பதித்த பச்சைப் பெட்டி அதனுடையது. அதில் போட்ட கடிதம் ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டாது. சென்னைக்கு எழுதுவதென்றால் இந்திய சர்க்காரின் தபால்தலையை ஒட்டி, கடைத்தெருவின் மறுகோடியில் பலசரக்குக் கடைச் சுவரில் தொங்கிய சிவப்புப் பெட்டியில்தான் போட வேண்டும். பதினொரு மணிக்கு அந்தப் பெட்டியின் தபால்பை திருநெல்வேலி பஸ்ஸில் ஏறும்.

இதையெல்லாம் அம்மா ஒரு முறைக்கு மூன்று முறை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "செவப்புல போடணும். பச்சையில போட்டுராத. அப்பா எதிர வந்தா பாவாடைக்குள்ள வச்சுக்க."

பாதிக் கடைத்தெரு வரை போனேன். அங்கே வழி அடைபட்டிருந்தது. கல்வேலைக்காரர்கள் ஆளுயரப் பிள்ளையார் ஒன்றைப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்து, பனந்தடி உருளைகளின் மேல் ஏற்றி, வடம் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. அப்பா எங்கள் மிஷன் சபையின் உபதேசியார். விக்கிரகம் இழுக்கிற இடத்தில் உபதேசியாரின் மகள் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நான் கீழ்ப்படிதலுள்ள பிள்ளை. அப்படியே திரும்பி வந்து, எங்கள் தெருமுனையில் இருந்த பச்சைப் பெட்டியில் உறையைப் போட்டேன். எல்லாக் கடிதமும் கடைசியில் ஒரே பஸ்ஸில்தான் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவின் சொல்லைக் காப்பாற்றப் போய் அம்மாவின் சொல்லை மீறினேன் என்பது வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் உறைத்தது.

அம்மா லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். மிஷனிலிருந்து நூல் கொடுப்பார்கள், வீட்டிலிருந்தே பின்னிக் கொடுக்க வேண்டும். வைக்கோல் திணித்த தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பாள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் எங்கள் வீட்டில் எப்போதும் கேட்கும். அந்தத் தலையணைக்கு அடியில்தான் குறுக்கெழுத்து இருந்தது.

பக்கத்து வீட்டு டீச்சர் சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையை வாங்குவாள். அதில் மாதத்துக்கு ஒரு குறுக்கெழுத்துப் போட்டி. முதல் பரிசு தையல் மிஷின். நுழைவுக் கட்டணமாக நாலணாவுக்குத் தபால்தலை வைக்க வேண்டும். டீச்சர் தன் பத்திரிகையில் கத்தரி வைக்க விடமாட்டாள். பத்திரிகையைக் கிழிக்க மனமில்லாதவர்கள் கட்டத்தைக் கையால் வரைந்து, குறிப்புகளையும் நகலெடுத்து அனுப்பலாம் என்று விதி இருந்தது. அம்மா அப்படித்தான் அனுப்பினாள். அது ஐந்தாவது மாதம். ஒருமுறைகூடப் பரிசு வரவில்லை. ஆனால் விடை வெளியாகும் வாரங்களில் அம்மா காலையிலிருந்தே பாட்டு முணுமுணுப்பாள்.

குறிப்புகளின் சூட்சுமத்தை அவள் சொல்லிக்கொடுத்தது என் ஒருத்திக்குத்தான். "வெளிய ஒண்ணு காட்டும், உள்ள ஒண்ணு வச்சிருக்கும். காட்டுகதப் பாத்து மிரளாத. தலைன்னு சொன்னா முதல் எழுத்து. நடுன்னா நடு எழுத்து. சொல்லப் பிரிச்சுப் பாரு மக்கா, அதுக்குள்ளயே இருக்கும்."

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். முந்தின மாதம்தான் சீட்டாட்டம், லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி மூன்றையும் ஒரே மூச்சில் சூது என்று கண்டித்துப் பிரசங்கம் செய்திருந்தார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சபையில் சூதாடினவர்கள் ஞாயிறு ஆராதனையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று அறிக்கையிட வேண்டும். லாட்டரிச் சீட்டு வாங்கிய ஒரு வாத்தியார் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது. வேட்டிதான் நடுங்கியது.

"ஏட்டி, போட்டியா?"

"போட்டேன்."

"எதுல?"

"செவப்புல."

"விழுந்த சத்தம் கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்பிடிக் கேட்டுது?"

"தொம்முன்னு."

மரக்கட்டைகளின் சத்தம் நின்றது. சிவப்புப் பெட்டி தகரம். கடுதாசி விழுந்தாலும் டப்பென்று சொல்லும். பச்சைப் பெட்டி தரையில் ஊன்றிய வார்ப்பிரும்பு. என்னைவிட உயரம். அதற்குள் விழுவது ஆழத்தில் போய்த்தான் அமரும்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாகிறது. என் பிள்ளைகள் கையில் ஒரு கடிதத்தைக்கூடக் கொடுத்துப் போட்டுவிட்டு வா என்று அனுப்பியதில்லை. போன வாரம் மகள் கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பத்தைத் தானே தபாலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னபோது, "விழுந்த சத்தம் கேட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பயம் பாதி குறைந்திருக்கும். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டிலிருந்து போகும் எந்த உறையானாலும் பின்பக்கம் அப்பாவின் பெயரைத்தான் எழுதுவது வழக்கம். அன்றும் பழக்கத்தில் அம்மா அதைத்தான் எழுதியிருந்தாள். சென்னைக்குப் போகாத உறை, பின்பக்கம் பெயருள்ளவரைத் தேடித் திரும்பி வரும். அஞ்சல் சேவகன் அதை அப்பாவின் கையில்தான் கொடுப்பான்.

நாங்கள் பெட்டியடிக்குப் போனபோது சேவகன் அதைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான். அம்மா ஓடவில்லை. உபதேசியாரின் மனைவி தெருவில் ஓட முடியாது. ஓடாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தாள். நான்தான் ஓடினேன்.

அஞ்சல் ஆபீஸ் ஓடு போட்ட ஒரே அறை. அஞ்சல் மாஸ்டர் திருவனந்தபுரத்துப் பக்கத்துக்காரர். தமிழில் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் மலையாளத்தில் ஊறித்தான் வரும். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவர் மேஜைமேல் எங்கள் கட்டம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா ஒட்டிய கஞ்சிப் பசை, பெட்டிக்குள் வெயில் சூட்டில் காய்ந்து உறை வாய் பிளந்திருக்கிறது. பக்கத்தில், கவர் வாங்க வந்த எங்கள் சபை டீக்கன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை, வெள்ளைச் சட்டை, அப்பாவே மரியாதையாக ஒதுங்கி நின்று பேசும் மனிதர்.

"வரணும், உபதேசியாரம்மா" என்றார் மாஸ்டர். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. "உங்கட பர்த்தாவை விளிக்கான் ஆள் விட்டிருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆள் போகான் நிக்கிது. இது எந்தா?"

அது கெட்ட காலம். தமிழ் பேசும் தெற்குத் தாலுக்காக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று அந்த வருடம் முழுவதும் கூட்டங்களும் ஊர்வலங்களும் தடியடியும் நடந்துகொண்டிருந்தன. சென்னைக்கு, அதுவும் ஆள் பெயரே இல்லாத ஒரு தபால்பெட்டி எண்ணுக்கு, கட்டம் கட்டமாக எழுத்துப் போட்ட தாள் போகிறது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குற்றப்பத்திரிகை போல வாசித்தார்.

"தலை போன குதிரை கடலில் எழும்பும்."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கப்பலின் நடுவை உடைத்தால் சிற்பிக்கு வேலை." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சிற்பி எந்நு சொன்னா எவ்விடம்? மயிலாடியாணு. குதிரை கடல் வழியா வருகுது. கப்பலை உடைக்கணும். அதில இருக்கிற சாமானை மயிலாடிக்காரன் எடுத்து ஒளிச்சு வைக்கணும். எனக்கு மனசிலாகாதுன்னு நினைச்சோ?"

எனக்கு ஒரு கணம் அவர் சொல்வதுதான் சரியான விடையோ என்று தோன்றியது. அத்தனை கோர்வையாக இருந்தது.

"பின்னே இது." அவர் குரல் இறங்கியது. சுவரில் தொங்கிய மகாராஜாவின் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வாசித்தார். "இளவரசன் தலையைக் கொய்தால் ஏழை வீட்டிலும் பிறப்பான்."

"கர்த்தாவே" என்றார் டீக்கன்.

அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும், ஊர்வலக்காரர்களை அள்ளிக்கொண்டு போகும் போலீஸ் லாரியில் அவர் ஏறுவதும் என் கண்முன் வந்து போயின. அம்மா என்ன நினைத்தாள் என்று இப்போது யோசிக்கிறேன். வாயைத் திறக்காவிட்டால் அப்பாவுக்கு ஆபத்து. திறந்தால், டீக்கனுக்கு முன்னால், தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும்.

அவள் என்னை முன்னால் தள்ளினாள்.

"மக்கா, குதிரைன்னு சொல்லு."

"குதிரை."

"தலைய எடு."

"திரை."

"திரைன்னா என்னட்டி?"

"அலை. கடல்ல எழும்பும்லா."

மாஸ்டரின் விரல் தாளில் அப்படியே நின்றது. அம்மா அவரைப் பார்க்காமல் மேஜையின் காலைப் பார்த்துப் பேசினாள். "இது குறுக்கெழுத்துப் போட்டியாக்கும், ஐயா. பத்திரிகையில உள்ளது. வேற ஒண்ணும் இல்ல."

"கப்பல்?"

"க, ப், ப, ல்" என்றேன் நான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "நடுவில உள்ள ரெண்டையும் ஒடச்சா க, ல். கல்லு. சிற்பிக்கு வேல கல்லுலதான?"

மாஸ்டர் தன் காகிதத்தில் எழுதி, நடுவில் இரண்டு எழுத்தை அடித்துப் பார்த்தார். "ஓ" என்றார். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பையன் சொல்வது போன்ற ஓ.

"இளைய ராஜாவுக்க தலை?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்பதற்கே பயந்தவர் போல.

"நம்ம மகாராஜா வீட்டுல உள்ளவங்க இல்ல, ஐயா" என்றாள் அம்மா அவசரமாக. "இளவரசனுக்கு கோமகன்னு ஒரு பேரு உண்டு. முதல் எழுத்த எடுத்தா மகன். மகன் எந்த ஏழை வீட்டுலயும் பிறப்பான்லா."

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். வயிறு முதலில் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "ஞான் சர்க்காருக்கு எழுதான் கடலாசும் பேனாவும் எடுத்தாச்சு! எடே, ஸ்டேஷனுக்குப் போகண்டா!" என்று வாசலில் நின்ற ஆளைப் பார்த்துக் கத்தினார். "பலே! ஆரு போட்டது இது? உபதேசியாரோ?"

அம்மா தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். தப்பித்தவளை இன்னும் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாம் எங்க அம்மா கண்டுபிடிச்சது. போன மாசமும் அம்மாதான். அதுக்கு முந்தின மாசமும் அம்மாதான்!"

மாஸ்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். டீக்கன் சிரிக்கவில்லை. அவர் உறையை எடுத்து மெல்ல உதறினார். நாலணாத் தபால்தலைகள் மேஜையில் விழுந்தன.

"இது என்னத்துக்கும்மா?"

அம்மா தபால்தலைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தாள்.

"பரிசு உண்டா இதுக்கு?"

"உண்டு" என்றாள் அம்மா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. அன்று வரவில்லை.

"அப்போ சூதாக்கும். எத்தனை மாசமா நடக்குது?" அவர் குரலை உயர்த்தவில்லை. துக்க வீட்டில் விவரம் கேட்பது போலத்தான் கேட்டார். "உபதேசியார் பிரசங்கம் பண்ணின அன்னைக்கு நீ முன்னாலதான இருந்த?"

அந்த வாத்தியாரின் வேட்டி எனக்கு நினைவுக்கு வந்தது. நான் சொன்னது எதுவோ தப்பாகிவிட்டது. எது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு விடையும் சரியாகத்தானே சொன்னேன்?

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அந்த ஆபீஸில் கடிகாரம் இருந்தது. நான் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததில் சிலவற்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த உறை சென்னைக்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து டீச்சர் வீட்டுப் பத்திரிகையில் விடை வந்தது. கட்டத்துக்குக் கட்டம் அம்மா போட்டதுதான். அம்மா அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் எழுந்து நின்றது அம்மா அல்ல, அப்பா. மூன்று மாதம் அவர் பிரசங்க மேடை ஏறவில்லை. டீக்கன்தான் ஏறினார். அந்த மூன்று மாதமும் அப்பா எங்களோடு கீழே பாயில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலத் தலையைக் குனிந்து கேட்டார். நான் அவரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் குதிரையையும் கப்பலையும் அவர் திருடிக்கொண்டார் என்பது என் கட்சி. அதோடு ஊருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அம்மாவும் அவரோடு நிமிர்ந்து பேசவில்லை. அது நன்றியாலா, இல்லை என்னைப் போலவே கோபத்தாலா என்று அவள் சாகும்வரை நான் கேட்கவில்லை. டீச்சரின் பத்திரிகை அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அப்பா பொய் சொல்லாதவர். ஒருமுறை யாரோ வாசலில் கூப்பிட்டபோது, களைத்துப் படுத்திருக்கிறாரே என்று அம்மா என்னிடம், "அப்பா இல்லன்னு சொல்லு" என்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் "இருக்கேன், இருக்கேன்" என்று வேட்டியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தவர் அவர். பென்சிலைத் தொலைத்ததை மறைத்ததற்காக என் உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு போட்டு, அப்புறம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே ஜெபம் செய்தவர்.

அந்த மனிதர்தான் வந்தார். யாரோ ஒரு சுகவீனக்காரர் வீட்டு ஜெபத்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்க வேண்டும். அக்குளில் வேதப்புத்தகப் பை, கையில் குடை. வெயிலில் நடந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அழைத்து வந்த சேவகன் வழியிலேயே பாதியைச் சொல்லியிருப்பான். மீதியை டீக்கன் சொன்னார்.

"உபதேசியாரே, உம்ம வீட்டம்மா குறுக்கெழுத்துப் போட்டிக்கு எழுதுகா. ரெண்டு மூணு மாசமா நடக்காம். பிள்ளதான் சொல்லிச்சு. கையெழுத்தும் அவளுக்கதான், பெண்கள் சங்க ரிப்போர்ட்டுல எத்தன தடவ பாத்திருக்கேன். உமக்குத் தெரியுமா?"

அப்பா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் சாய்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையிலிருந்து தாளை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வாசிப்பதுபோல நெடுநேரம் பிடித்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. நான் பார்த்தேன். டீக்கன் பார்த்தாரா என்று தெரியாது.

"எழுதினதுதான் அவ" என்றார் அப்பா. "சொன்னது பூராவும் நானாக்கும். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."